கிரகணத்தைச் சுவரில் பாருங்கள்

காரைதீவிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். 2027 ஆகஸ்ட் 2ஆம் திகதி மாலை எமது பகுதியில் தெரியவுள்ள பகுதிச் சூரிய கிரகணத்தை வகுப்பிலுள்ள 40 மாணவர்களுக்கும் காட்டிப் படமும் எடுக்க விரும்புகிறார். கிரகணக் கண்ணாடி தருவதாக முகவர் ஒருவர் இப்போதே வந்து தலைக்கு இவ்வளவு என்று முற்பணம் கேட்கிறாராம். அது வேண்டாமென்றால் வெல்டிங் கண்ணாடி போதுமா என்பது அவரது கேள்வி.

முற்பணம் கொடுக்க வேண்டாம். அந்தக் கண்ணாடியில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று, சூரியனைப் பார்க்கும் கண்ணாடிக்கான சர்வதேசத் தர எண்ணை அச்சிட்டிருக்கும். அச்சு இயந்திரம் வைத்திருக்கும் எவரும் அதை அச்சிடலாம். 2019 டிசம்பர் 26ஆம் திகதிக் கிரகணத்துக்காக நான் வாங்கிய கண்ணாடியிலும் அந்த எண் இருந்தது. அதை அணிந்துகொண்டு வீட்டு ரியூப் லைற்றைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. நல்ல கண்ணாடி சூரிய ஒளியில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கையே உள்ளே விடும். அதை அணிந்தால் வீட்டுக்குள் ஏறக்குறைய எதுவுமே தெரியக்கூடாது. விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது. சுட்டுவிட்டது என்பது சில மணி நேரம் கழித்து, பார்வையின் நடுவே இருள் விழும்போதுதான் தெரியவரும்; அந்த நேரத்தில் முகவரைத் தேடி எங்கே போவது? எக்ஸ்ரே படம், குளிர்க்கண்ணாடி, புகையேற்றிய கண்ணாடித் துண்டு, சாணித் தண்ணீர் எதுவும் ஆகாது.

வெல்டிங் கண்ணாடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. அதன் கருமைக்கு இலக்கம் இருக்கிறது. 12க்குக் குறைந்தது சூரியனைப் பார்க்க உதவாது, 14 பாதுகாப்பானது. வெல்டிங் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை 10, 11 ஆகியவையே. இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இலக்கங்களைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். 10உம் 5உம் சேர்ந்தால் 14 ஆகும். ஆனால் இலக்கம் அழிந்துபோன பழைய கண்ணாடியை வைத்து இந்தக் கணக்கைப் போடக்கூடாது. தானாக இருளும் தலைக்கவசமோ அறவே வேண்டாம். அது வெல்டிங் பொறிக்காகச் செய்யப்பட்டதே தவிர, சூரியனுக்காக அல்ல. கடைக்காரர் 14 என்று எழுதப்பட்ட புதுக் கண்ணாடியைக் கையில் தந்தால் அன்றி, இந்த வழியை மறந்துவிடுங்கள்.

40 பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது முகம் பார்க்கும் சிறு கண்ணாடி. அதைக் கறுப்புக் கடதாசியால் மூடி, நடுவில் 5 மில்லிமீற்றர் துளை விடுங்கள். துளை சதுரமாக இருந்தாலும் பரவாயில்லை. முற்றத்தில் ஒரு கதிரையில் கட்டி நிறுத்தி, ஒளியை வகுப்பறையின் உள்சுவருக்குத் திருப்புங்கள். தூரத்தை 109ஆல் வகுத்தால் சூரிய பிம்பத்தின் அளவு கிடைக்கும்; 10 மீற்றருக்கு அது சுமார் 9 சென்ரிமீற்றர். அறையை இருட்டாக்கினால், கடிபட்ட அப்பம்போல் சூரியன் சுவரில் விழும். பிள்ளைகள் சுவரைப் பார்க்க வேண்டும், கண்ணாடியைப் பார்க்கக்கூடாது. ஆகவே வாசலில் ஒரு பெரியவர் நிற்கட்டும். அன்று மாலை வெயில் மேற்கிலிருந்து சாய்வாக வருவதால், மேற்கே வட்டையை (வயல்வெளியை) பார்த்த சன்னல் உள்ள அறையாயின் அந்தச் சன்னலை மட்டையால் அடைத்து ஒரு துளையிட்டாலே போதும். கச்சான் காற்று அடித்தால் கதிரையின் மேல் ஒரு செங்கல்லை வையுங்கள்.

படத்தையும் அந்தச் சுவரிலேயே எடுங்கள். கைத்தொலைபேசியில் ஃபிளாஷை அணைத்து, திரையில் தெரியும் பிம்பத்தின்மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். பெரிய கமராவை வானத்தை நோக்கித் திருப்ப விரும்புபவர், சூரிய வடிகட்டியை லென்ஸின் முன்புறம் மாட்டாமல் அதன் கண்துளையில் கண்ணை வைக்கக்கூடாது. லென்ஸ் ஒளியைக் குவித்து நேரே கண்ணுக்குள் செலுத்திவிடும்.

மேலிடத்து அறிவுறுத்தல் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அது மாகாணத்திலிருந்து வலயத்துக்கும், வலயத்திலிருந்து கோட்டத்துக்கும், அங்கிருந்து அதிபர் மேசைக்கும் வந்து சேர்வதற்குள் கிரகணம் முடிந்துவிடும்; வந்தாலும் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்ற ஒரு வரிதான் அதில் இருக்கும். ஜூலை மாதத்திலேயே ஒரு நாள் மாலை, கிரகணமில்லாத முழுச் சூரியனை வைத்து ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.