மோட்டார் பெரிது, ஃபில்டர் சிறிது: குளம் பச்சையானால் யார் பொறுப்பு?

கேள்வி: கோவை புறநகரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் 30 அடிக்கு 15 அடி, சராசரி நாலரை அடி ஆழத்தில் நீச்சல் குளம் கட்டினோம். மோட்டார், ஃபில்டர், உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் உப்பு குளோரினேட்டர் எல்லாம் சேர்த்து 9.5 லட்சம் பேசி, 75 ஆயிரம் தவிர மீதியைக் கொடுத்துவிட்டோம். "தினமும் நாலு மணி நேரம் ஓட்டினால் போதும்" என்றார் சென்னை கான்ட்ராக்டர். மாசி பிறந்தாலே தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. வேறொரு குளத்து டெக்னீஷியன் வந்து பார்த்து, ஃபில்டர் சிறிது என்கிறார். கான்ட்ராக்டரோ, "நீங்கள் மருந்து சரியாகப் போடவில்லை, வாரண்டியும் முடிந்தது, பெரிய ஃபில்டர் வேண்டுமானால் 1.8 லட்சம்" என்கிறார். இப்போது பாக்கிப் பணம் கேட்டு வக்கீல் நோட்டீஸும் அனுப்பியிருக்கிறார். குளம் கட்டி 14 மாதம் ஆகிறது. வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று: ஃபில்டரைக் கழற்றிவிடாதீர்கள். அதுதான் உங்கள் முதல் சாட்சி.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஃபில்டரின் லேபிள் தெளிவாகத் தெரிகிறது: விட்டம் 400 மில்லிமீட்டர், அதிகபட்சம் மணிக்கு சுமார் 6,000 லிட்டர். உங்கள் குளத்தில் நிற்பது ஏறக்குறைய 57,000 லிட்டர். மொத்தத் தண்ணீரும் ஒரு முறை ஃபில்டர் வழியாகப் போய்வரவே ஒன்பதரை மணி நேரம் வேண்டும். நாலு மணி நேரத்தில் பாதிகூடப் போகாது. குளோரினேட்டரில் மணிக்கு 15 கிராம் என்று போட்டிருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு 60 கிராம். இவ்வளவு தண்ணீரில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சொச்சம்தான். வீட்டுக் குளத்தில் குளோரின் எப்போதும் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை நிற்க வேண்டும். வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலம் கலக்காத குளமாக இருந்தால், கோடை வெயில் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இங்கே எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார் தெரியுமா? "பத்து மணி நேரம் ஓட்டியிருக்கலாமே?" நியாயமான கேள்விதான். பத்து மணி நேரம் ஓட்டினால் குளோரினும் ஓரளவு தேறும், ஒரு சுற்றும் முடியும். ஆகவே குளோரினேட்டரை மட்டும் நம்பி வழக்கை நடத்தாதீர்கள். நாலு மணி நேரம் என்று கான்ட்ராக்டரே சொன்னதற்கு வாட்ஸ்அப்பில் ஆதாரம் இருந்தால் மட்டும் அது பலமான வாதம்.

அசைக்க முடியாத புள்ளி மோட்டாரில் இருக்கிறது. அதன் தகட்டில் மணிக்கு 12,000 லிட்டர். ஃபில்டர் தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு. தண்ணீர் அந்த வேகத்தில் பாய்ந்தால் ஃபில்டருக்குள் இருக்கும் மணல் அழுக்கைப் பிடித்து வைக்காது. தண்ணீர் மணலில் வழி பிளந்து, அழுக்கை அப்படியே குளத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடும். எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் இது சரியாகாது. தகட்டில் இருப்பது எதிர் அழுத்தத்தைப் பொறுத்து மாறும் அளவு என்று அவர் மறுக்கலாம். அதனால் உண்மையான ஓட்டத்தை அளந்து ஒரு பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16: எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தியாக வேண்டும். "ஆறு பேர் குடும்பம், பசங்க தினமும் குளிப்பாங்க, நீங்களே பார்த்து போடுங்க சார்" என்று நீங்கள் அனுப்பிய செய்தி இருக்கிறதே, அதுதான் தங்கம். கொட்டேஷனில் அளவே இல்லாமல் "தரமான ஃபில்டர்" என்று மட்டும் எழுதியிருப்பதும் உங்களுக்கே சாதகம்; அளவைத் தேர்ந்தெடுத்தது அவர்தான் என்றாகிறது. பொருளும் வேலையும் கலந்த ஒப்பந்தம் என்பதால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் 'சேவைக் குறைபாடு' என்றும் சேர்த்தே புகாரை எழுத வேண்டும். வாரண்டி என்பது உடைந்தால் மாற்றித் தருவதற்கு. முதல் நாளே தப்பான அளவில் வைத்ததை அது மறைக்காது.

நுகர்வோர் சட்டத்தில் காலக்கெடு இரண்டு ஆண்டு, பிரிவு 69. பத்து மாதம் கையில் இருக்கிறது, ஆனால் பேச்சுவார்த்தையிலேயே அதைக் கரைத்துவிடாதீர்கள். அவர் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். கொடுத்த தொகை 5 முதல் 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: வார இறுதியில் அந்த வீட்டைக் குளத்தோடு வாடகைக்கு விடுகிறீர்களா? விட்டால் 'வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல' என்று எதிர்ப்பு வரும். உண்மையை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்றிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் மோட்டார் ஓடிய நேரம், ஃபில்டர் கேஜில் அழுத்தம், டெஸ்ட் கிட்டில் குளோரின், பி.எச்., பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பி ஓட்டி ஃபில்டரைக் கழுவுவது) செய்த தேதி. "பராமரிக்கவில்லை" என்ற வாதத்துக்குப் பதில் இதுதான். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்; அச்சிட்டுக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்), பிரிவு 63-இன் மின்னணு ஆதாரச் சான்றிதழும் இணைக்க வேண்டும். அட்வகேட் கமிஷனரும் (ஆணையம் நியமிக்கும் வக்கீல்) ஒரு பொறியாளரும் வந்து பார்வையிட வேண்டும் என்று ஆணையத்தில் மனு போடுங்கள். அந்த அறிக்கை வந்த பிறகு ஃபில்டரை மாற்றிக்கொண்டு, செலவை பில்லோடு கேட்கலாம். வழக்கு முடியும்வரை பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

9.5 லட்சத்தையும் திருப்பிக் கேட்காதீர்கள். தொட்டியும் டைல்ஸும் நன்றாகத்தானே இருக்கின்றன? சரியான அளவு ஃபில்டரும் அதற்குப் பொருந்தும் மோட்டாரும், வீணான ரசாயனச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. இவ்வளவு கேட்டால் ஆணையம் காது கொடுக்கும்.

அப்புறம் அந்த நோட்டீஸ். அதைப் பதில் போடாமல் விடாதீர்கள். 75 ஆயிரத்தை எதற்காக நிறுத்தினீர்கள், ஃபில்டர், மோட்டார் அளவுகள் என்ன, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அவர் கொடுத்த கெடுவுக்குள் ஸ்பீடு போஸ்டில் பதில் அனுப்புங்கள். குறையைச் சரிசெய்தால் பாக்கியைத் தரத் தயார் என்ற வரியும் அதில் இருக்கட்டும். இல்லையென்றால் பணம் கொடுக்க மனமில்லாமல் குறை சொல்கிறார் என்றுதான் அவர் தரப்பு வாதிடும்.