சவேரியார் பேசிய தமிழ்

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிழாவை ஒட்டி அவர் வாழ்க்கையைப் பாடமாக வைத்தோம். போன ஊரிலெல்லாம் அந்த ஊர் மொழியைப் படிக்காமலே பேசினார், கோட்டாற்றில் தனியாளாகச் சிலுவையைத் தூக்கிப் பிடித்து வடக்கிலிருந்து வந்த வடுகர் படையைத் திருப்பி அனுப்பினார் என்று பழைய நவநாள் புத்தகத்தில் இருந்தபடி சொல்லிக்கொடுத்தேன். ஒரு பையன் எழுந்து, "எல்லா மொழியும் தெரியும்னா மொழிபெயர்க்கிற ஆள் எதுக்கு டீச்சர் கூடப் போனாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. எது நடந்தது, எது பிற்பாடு சேர்ந்தது? பிள்ளைகளிடம் எதைச் சொல்லலாம்?

ஒரு மறைக்கல்வி ஆசிரியை
கன்னியாகுமரி மாவட்டம்

*

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையன் நன்றாகக் கேட்டிருக்கிறான். அவனுக்குச் சவேரியாரே பதில் எழுதி வைத்திருக்கிறார். 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தோழர்களுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார்: இந்த மக்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் தாய்மொழி மலபார், என் தாய்மொழி பாஸ்க். மலபார் மொழி என்று அன்றைய போர்த்துக்கீசியர் எழுதியது நம் தமிழைத்தான்.

பிறகு என்ன செய்தார் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. வகுப்பில் நீங்கள் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் இது. போர்த்துக்கீசியமும் தமிழும் தெரிந்த உள்ளூர் ஆட்களைத் தேடிப் பிடித்து ஒன்றாக உட்கார வைத்தார். பல நாள் பாடுபட்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், கிருபை தயாபத்து மந்திரம், பாவசங்கீர்த்தன மந்திரம் எல்லாவற்றையும் தமிழாக்கினார்கள். அதை அவர் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி, நாளுக்கு இரண்டு வேளை, ஒரு மாதம் விடாமல் சொல்லிக்கொடுத்தார். இங்கே படித்ததை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை முறை வேறு. ஊர் முழுக்கக் கூடியதும் விசுவாசப் பிரமாணத்தை அவர் சொல்ல, எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். அடுத்து அதன் பன்னிரண்டு பிரிவுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "இதை விசுவசிக்கிறீர்களா?" என்று கேட்பார். கூட்டம் கைகளை மார்பில் குறுக்காக வைத்து, விசுவசிக்கிறோம் என்று உரக்கச் சொல்லும். மற்ற எந்த மந்திரத்தையும்விட இதைத்தான் அதிகம் சொல்ல வைத்தார். ஓர் ஊரை விட்டுப் போகும்போது மந்திரங்களின் பிரதி ஒன்றை அங்கே விட்டுவிட்டு, எழுதத் தெரிந்தவர்கள் படியெடுத்துக்கொண்டு நாள்தோறும் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 1535-37 ஆண்டுகளில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்ற பரதவர்களுக்கு அதற்குப் பிறகு சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை. 1542 அக்டோபரில் அவர் வந்தபோது பல ஊர்களில் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு அவசரம்.

அந்த முதல் தமிழாக்கத்தில் ஒரு பெரிய பிழை இருந்தது. பிள்ளைகளிடம் இதை விடாமல் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். விசுவாசப் பிரமாணத்தில் "விசுவசிக்கிறேன்" என்று வர வேண்டிய இடத்தில் "வேணும்" என்று போட்டிருந்தார்கள். சர்வேசுரனை நம்புகிறேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, சர்வேசுரன் எனக்கு வேணும் என்று ஊர்கள் சொல்லிக்கொண்டிருந்தன. சவேரியார் இதைக் கண்டுபிடித்து, இனி "வேணும்" என்று சொல்ல வேண்டாம், "விசுவாசம்" என்ற சொல்லைப் போடுங்கள் என்று 1544-ல் தன் தோழர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதினார். மொழி தானாகவே நாவில் இறங்கிய ஒருவருக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது. அவர் ஒரு சொல்லைத் தப்பாகக் கற்று, அதைத் தப்பாகவே சொல்லிக்கொடுத்து, பிறகு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, கடற்கரை நெடுகத் திருத்தியிருக்கிறார். எனக்கு இது மொழி வரத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். 1545-ல் மலாக்காவில் மந்திரங்களை மலாய் மொழியில் ஆக்க உட்கார்ந்தவர், மொழி தெரியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கிருந்து எழுதினார். 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானில் காகோஷிமாவில் இறங்கினார். மக்கள் நடுவில் நாங்கள் சிலைகளைப் போல நிற்கிறோம், அவர்கள் எங்களைப் பற்றி ஏதேதோ பேசுகிறார்கள், நாங்கள் வாய் மூடி நிற்கிறோம், மொழி படிக்கச் சின்னப்பிள்ளையாக மாற வேண்டியிருக்கிறது என்று அந்த நவம்பரில் எழுதினார். அங்கேயும் "வேணும்" போல ஒரு பிழை நேர்ந்தது. கடவுளைக் குறிக்க "தைநிச்சி" என்ற சொல்லைக் கொடுத்தார்கள். அது பௌத்தர்கள் வணங்கும் ஒரு புத்தரின் பெயர் என்று பிறகே தெரிந்தது. அதை விட்டுவிட்டு "தேவுஸ்" என்ற இலத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார்.

அப்படியானால் மொழி வரம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு அருகே சாங்சுவான் தீவில் அவர் இறந்தார். 1556-57-ல் போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜுவானின் ஆணைப்படி கோவா, கொச்சி, மலாக்கா முதலிய இடங்களில் சாட்சிகளை விசாரித்தார்கள். அப்போது அவரோடு பழகியவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். புனிதர் பட்டத்துக்கான பெரிய விசாரணை 1610-களில் நடந்தது. வந்தவர்களில் பலர், "என் அப்பா சொன்னார், பாட்டி சொன்னார்" என்ற தலைமுறை. முன்கூட்டியே எழுதி வைத்த கேள்விகளுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்வதுதான் விசாரணையின் முறை. அவர் பல மொழிகளில் பேசியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. மணப்பாட்டில் தமிழில் மந்திரம் சொன்னவரை, மலாக்காவில் மலாயில் சொன்னவரை, ஜப்பானில் ஜப்பானிய மொழியில் சொன்னவரை மூன்று ஊர்க்காரர்களும் தங்கள் மொழியில்தான் கேட்டார்கள். மனப்பாடம் செய்ய அவர் பட்ட பாடு ஞாபகத்திலிருந்து போய்விட்டது, கேட்ட குரல் நின்றுவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 1622 மார்ச் 12 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கான ஆவணம் அடுத்த ஆண்டு எட்டாம் உர்பன் காலத்தில் வெளியானது. அதிலேயே மொழி வரம் இடம்பெற்றுவிட்டதால், பின்னால் எழுதியவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கடலில் விழுந்த சிலுவையை நண்டு கொண்டுவந்து கொடுத்த கதையும் நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் 1546-க்கு ஏறக்குறைய 60 ஆண்டு கழித்து வந்த சாட்சியத்தில்தான் இருக்கிறது.

ஆகவே எந்தப் புனிதரின் வாழ்க்கையைப் படித்தாலும் ஒவ்வொரு செய்திக்கும் இதை யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். ஓரத்தில் பென்சிலால் ஆண்டைக் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. சவேரியார் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம், அவர் கையால் எழுதியதும் சொல்லி எழுத வைத்ததுமாக நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் நிற்கின்றன.

அற்புதம் என்று வந்தாலே தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1542 அக்டோபர் 28 அன்று தூத்துக்குடியிலிருந்து, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், மூன்று நாள் பிரசவ வேதனையில் கிடந்த ஒரு பெண்ணை அவரே குறிப்பிடுகிறார். துபாசியை, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவரை, வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி விளக்கி, அவள் நம்புகிறேன் என்றதும் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். குழந்தை பிறந்தது. நடந்த சில வாரங்களுக்குள், நடத்தியவரே எழுதியது இது. இதைத் தயங்காமல் சொல்லலாம். இதிலும் ஒரு துபாசி கூட நிற்கிறார் என்பதைப் பையனுக்குக் காட்டுங்கள்.

இனி கோட்டாறு. தனியாளாகப் படையைத் தடுத்த காட்சி அவர் கடிதங்களில் இல்லை. வடுகர் படையெடுப்பு இருக்கிறது, அதில் அவர் செய்ததும் இருக்கிறது. 1544 ஜூனில் கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் வடுகருக்குப் பயந்து ஓடிக் கடலில் இருக்கும் பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். சோறும் தண்ணீரும் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் மணப்பாட்டில் இருபது தோணிகளில் உணவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது. எட்டு நாள் கடலில் கிடந்தும் குமரிமுனையை எட்ட முடியாமல் திரும்பினார். துடுப்பு போட்டும் பயனில்லை, கயிறு கட்டி இழுத்தும் பயனில்லை என்று எழுதுகிறார். ஜூன், ஜூலையில் அந்தக் கடலில் தெற்கே போவது எப்படி என்று உங்கள் வகுப்பில் கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். பிறகு அவர் கரைவழியே நடந்து போனார். சாப்பிட ஒன்றுமில்லாதவர்கள், நடக்க முடியாத முதியவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்றவர்கள், இறந்து கிடந்தவர்கள் என்று கண்டதையெல்லாம் ஆகஸ்ட் முதல் தேதி எழுதினார். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளிடம் உதவி திரட்டச் சொன்னார். மனமிருந்து கொடுப்பவர்களிடம் மட்டும் வாங்க வேண்டும், ஏழைகளிடம் எதுவும் வாங்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடிக்கு ஆபத்து வந்தது. அங்கிருந்த போர்த்துக்கீசியக் கப்பித்தான் கொஸ்மே தெ பைவாவின் வீடும் கப்பலும் எரிந்து, அவர் தீவுக்கு ஓடினார் என்று செய்தி. இந்தக் கப்பித்தான் கடற்கரை மக்களிடம் கொள்ளையடித்தவர். அவருடைய கொள்ளைகளையும் பேராசையால் நேர்ந்த சாவுகளையும் சவேரியார் கடிதத்தில் பெயர் சொல்லியே கண்டித்திருக்கிறார். ஆனாலும் செய்தி கிடைத்தவுடன், புன்னைக்காயல் தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு உடனே போய் அவரையும் காப்பாற்றுங்கள் என்றுதான் மன்சிலாசுக்கு ஆளனுப்பினார். கோட்டாற்றுக் கதையை விட்டுவிட மனமில்லை என்றால், "நம் ஊர்ப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது" என்று சொல்லிச் சொல்லுங்கள். அதற்குப் பக்கத்தில் இந்தத் தோணிகளையும் வையுங்கள். வைப்பாற்றிலிருந்து குமரி வரை ஒரு படம் வரைந்து வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், கொம்புத்துறை, மணப்பாடு என்று கடிதங்களில் வரும் ஊர்களைப் பிள்ளைகளையே குறிக்கச் சொன்னால் பாடம் முழுக்க அதிலேயே வந்துவிடும்.

அவருடைய கை சோர்ந்துபோன செய்தியும் கடிதத்தில் உள்ளதுதான். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, மந்திரம் சொல்லிச் சொல்லிக் குரல் போய்விடுகிறது என்கிறார். 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரை எழுதியும் கொடுத்தார். அந்த வலது முன்கையை 1614-ல் வெட்டி எடுத்து உரோமைக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் இயேசு சபையின் ஜெசு ஆலயத்தில் இருக்கிறது.

ஒளிக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. பிள்ளைகள் சிலைகளை உடைத்ததை அவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். கோவாவுக்கு இன்குவிசிஷன் என்ற சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று 1546-ல் அரசருக்கு எழுதியிருக்கிறார். ஏழாம் வகுப்பில் இவற்றை நீங்களாக எடுக்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால் மறுக்காதீர்கள். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் ஒருவரின் எண்ணம் அது, திருச்சபை இன்று அப்படிப் போதிப்பதில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கென்று ஒரு செய்தி. முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4,000 பொன் பணம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கி, ஊர் ஊராகப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாக்கினார் சவேரியார். தான் இல்லாதபோதும் வேலை நடக்க வேண்டும் என்றால், தமிழ் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும், அவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்வது அந்தக் கணக்கப்பிள்ளைகளின் வேலைதான்.

பையனுக்கு அடுத்த வாரம் 1544 ஆகஸ்டில் மன்சிலாசுக்குப் போன இன்னொரு கடிதத்தைச் சொல்லுங்கள். துபாசி அந்தோனியோ மணப்பாட்டில் நோயாகக் கிடக்க, சவேரியார் ஆள் துணையில்லாமல் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் எப்படிப் பிரசங்கம் செய்வேன் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள் என்று எழுதுகிறார். பிறகு அன்றைக்குத் தன்னால் முடிந்ததைச் சொல்கிறார்: பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், அதற்குத் துபாசி வேண்டாம்; ஏழைகள் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்கிறார்கள், அதுவும் துபாசி இல்லாமலே எனக்குப் புரிகிறது.