உண்ணிச்செடியை வெட்டாதீர்கள், கவிழ்த்துப் போடுங்கள்

கேள்வி: தாளவாடிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. ஒரு பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் காடு. ஆறேழு வருடம் உழாமல் விட்டதில் உண்ணிச்செடி (லன்டானா) ஆளுயரத்துக்கு மண்டிவிட்டது. போன வருடம் ஆள் விட்டு வெட்டினோம், இப்போது முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது. ஜே.சி.பி. விடலாமா, தீ வைக்கலாமா, மருந்து அடிக்கலாமா? மாட்டுக்குப் புல் முளைத்தால் போதும்.

பதில்: நீங்கள் வெட்டியதால்தான் அது அடர்த்தியானது. ஒரு தூரை மண்ணோடு ஒட்ட வெட்டிவிட்டு, மழைக்கு அப்புறம் போய்ப் பாருங்கள். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தளிர் எழுந்து நிற்கும். தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, முண்டும் முடிச்சுமாக ஒரு தடித்த பகுதி உண்டு. துளிர்க்கும் மொட்டெல்லாம் அங்கேதான் உறங்குகிறது. அரிவாள் அதற்கு மேலேயே நின்றுவிடுகிறது.

இதற்கு வழி கண்டவர்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழுவினர். கார்பெட் போன்ற வடஇந்தியக் காடுகளில் செய்து பார்த்து, 2009-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். முறை மிக எளிது. இரண்டு பேர் போதும். ஒருவர் செடியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் தூரைச் சுற்றி மண்ணை லேசாக விலக்கி, அந்த முடிச்சுக்கும் கீழே, அதாவது மண்மட்டத்திலிருந்து மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், ஆணிவேரைத் துண்டிக்க வேண்டும். அகலமான மம்பட்டி இதற்கு ஒத்துவராது. ஒடுக்கமான கொத்தோ, முனையைத் தட்டையாக அடித்த கடப்பாரையோ நல்லது. வெட்டியதும் புதரை அப்படியே தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். தூர் மண்ணைத் தொடாமல் வெயிலில் காய்ந்து செத்துப்போகும். பலரும் கவிழ்க்காமல் சும்மா தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஈர மண்ணில் பட்டால் உண்ணியின் கிளைகூட வேர் விடும். முழு வேரையும் தோண்டி எடுக்க வேண்டியதில்லை, மண்ணில் மிஞ்சும் அடிவேர் துளிர்க்காது.

கோடை மழை ஒன்றிரண்டு பெய்து மண் இளகியிருக்கும் நாட்களில், ஆனால் காய் பழுக்கும் முன், இதைச் செய்யுங்கள். காய்ந்து இறுகிய மண்ணில் ஆள்கூலி இரட்டிப்பாகும்.

ஜே.சி.பி. வேண்டவே வேண்டாம் என்பேன். ஒரே நாளில் நிலம் சுத்தமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் கிளறிவிட்ட மேல்மண்ணில் பல வருட உண்ணி விதை கிடக்கிறது. அதற்கு வெளிச்சமும் இடமும் கொடுத்து நாற்றங்கால் போட்ட மாதிரி ஆகிவிடும். கூடவே பார்த்தீனியமும் வந்து உட்காரும். சரிவான நிலமாக இருந்தால் முதல் பெருமழையிலேயே மேல்மண் ஓடைக்குப் போய்விடும்.

தீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘அந்தக் காலத்தில் தீ வைத்துத்தான் காட்டைக் காத்தோம்’ என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பக்கத்துப் பிலிகிரிரங்கன் மலையில் ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1997-இலும் 2008-இலும் ஒரே இடங்களை அளந்து பார்த்தார்கள். அந்தப் பதினோரு வருடத்தில் உண்ணி இருந்த இடங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தன. அங்குள்ள பழங்குடியினரான சோளகர்கள் சொன்ன காரணம்: முன்பு கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்போம், ‘தரகு பெங்கி’ என்று பெயர், அதில் உண்ணிக் கன்றுகள் கருகிவிடும், சரணாலயம் வந்து அது நின்றதும் உண்ணி பெருகிவிட்டது. காட்டோடு வாழ்ந்தவர்களின் இந்தக் கணிப்பை ஆய்வாளர்களும் இப்போது மதித்துப் பேசுகிறார்கள். இருந்தாலும் நீங்கள் இன்று தீ வைக்கக் கூடாது. அன்று எரிந்தது கணுக்கால் உயரச் சருகு. இன்று நிற்பது ஆளுயர விறகு. அது பற்றினால் மரத்தின் உச்சிவரை போகும், காப்பகத்துக்குள்ளும் போகும், வழக்கும் வரும். எல்லாம் எரிந்து தணிந்த பிறகு முதலில் துளிர்ப்பதும் உண்ணியாகவே இருக்கும்.

களைக்கொல்லி ஆஸ்திரேலியாவில் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் மாடு மேயப்போகிற, காட்டு விலங்கு வந்துபோகிற நிலத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பூச்சி விட்டு அழிக்கும் முயற்சியும் 1921-லேயே நம் நாட்டில் தொடங்கியாயிற்று. இன்றும் புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் உண்ணி பரவியிருப்பதாக 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்தப் பூச்சிகளால் ஆனது அவ்வளவுதான்.

சரி, பிடுங்கியாயிற்று. பாதி வேலைதான் முடிந்தது, இனிதான் புல். அதே மழையில் கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவுங்கள். பக்கத்துக் கரட்டில் முளைக்கும் நாட்டுப் புற்களின் விதையையும் சேகரித்துக் கலந்துகொண்டால் இன்னும் நல்லது. புல் நெருங்கி மண்ணை மூடிவிட்டால் உண்ணி விதைக்கு வெளிச்சம் கிடைக்காது. இதற்காகவாவது முதல் வருடம் மாட்டை உள்ளே விடாதீர்கள், அறுத்துப் போடுங்கள். பிடுங்கிப் போட்ட உண்ணிக் குவியல் பக்கமும் மாடு போகக் கூடாது. இலையில் உள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும், கண் மஞ்சளாகும், வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிக்கும்.

மூன்று ஏக்கரையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். வீடும் களமும் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி, கவனித்துக்கொள்ள முடிகிற அளவுக்கு, வருடம் ஒரு ஏக்கர் எடுங்கள். காட்டோரப் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். புதருக்குள் பன்றி படுத்திருக்கும், யானையும் நிற்கலாம். விடிந்து வெகுநேரம் ஆன பிறகு, சத்தம் கொடுத்துக்கொண்டு, கூட்டமாகப் போங்கள். எல்லைக் கல்லுக்கு அப்பால் ஒரு செடியைக்கூட வனத்துறை அனுமதி இல்லாமல் தொட வேண்டாம்.

அப்புறம், குறைந்தது மூன்று வருடம் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் நிலத்தைச் சுற்றி வாருங்கள். முதலில் மரத்தடிகளைப் பாருங்கள். கொண்டைக்குருவிகள் உண்ணிப் பழத்தைத் தின்றுவிட்டு வாகையிலோ வெள்வேலிலோ வந்து உட்கார்ந்து எச்சமிடும். அந்த நிழலில்தான் கன்றுகள் கும்பலாக எழும். இலையைக் கசக்கி மோந்தால் அந்தக் கார நெடி காட்டிக்கொடுத்துவிடும். சாண் உயரத்தில் இருக்கும்போது இரண்டு விரலால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும்.

காய்ந்த தண்டுகளை அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நேராக நீண்ட கோல்களைத் தனியே எடுத்து வையுங்கள். மலை மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அவற்றை வேகவைத்துப் பட்டை உரித்து, மூங்கிலைப்போல வளைத்து நாற்காலி செய்கிறார்கள். கரையான் எளிதில் அரிக்காது. உங்கள் பக்கம் அந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தால் கோலைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.