வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிறுவர் அலைவரிசைகளில் இரு நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் குட்டிக் கேலிச்சித்திரப் படங்கள் எதற்காக? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் என் பேரன் அவற்றுக்காகவே காத்திருக்கிறான்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அரை மணி நேரத் தொடர் பெரும்பாலும் 22 நிமிடமே ஓடுவதால், விளம்பரம் குறைந்த அலைவரிசைகள் மிச்ச நேரத்தை இவற்றால் நிரப்புகின்றன, அம்மா. ஆனால் எல்லாமே இட்டுநிரப்பிகள் அல்ல. 1973இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி சனிக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பத் தொடங்கிய, ஏறக்குறைய மூன்று நிமிட ‘ஸ்கூல்ஹவுஸ் ராக்’ படங்கள், ராக் பாடல்களை மனப்பாடமாக ஒப்பித்த தன் மகன் பெருக்கல் வாய்ப்பாட்டில் திணறுவதைக் கண்ட விளம்பரத்துறையைச் சேர்ந்த டேவிட் மெக்கால், வாய்ப்பாட்டையே பாட்டாக்கலாமே என்று எண்ணியதில் பிறந்தவை. பின்னர் இலக்கணம், வரலாறு, அறிவியலும் சேர்ந்தன. வசனமற்ற படங்களுக்கோ மொழிமாற்றச் செலவே இல்லை, அதனால்தான் அவை எந்த நாட்டிலும் எளிதாக விலைபோகின்றன (கதை சில வேளை மெலிந்திருந்தாலும்!).