திரை கறுத்துத் தானாக மீளத் தொடங்கும் கணினி

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினி எவ்வித அறிவிப்பும் இன்றித் திரை கறுத்து, பின்னர் தானாகவே மறுபடியும் தொடங்குகின்றது. திருத்துநர் ஒருவர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் பதிந்து தந்தார். இரண்டு கிழமைக்குப் பின் பழையபடியே ஆகிவிட்டது. பழைய யூபிஎஸ் ஒன்றும் பாவிக்கின்றோம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளின் குறிப்புகள் யாவும் இதில்தான் உள்ளன. என்ன செய்யலாம்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: எந்தக் கோளாறென்றாலும் முதலில் விண்டோஸை மறுபடி பதிவது நம் திருத்தகங்களில் ஊறிப்போன பழக்கம். பிழை மென்பொருளிலா மின்சாரத்திலா என்பதை அறிந்த பின்னரே காசு செலவழிக்க வேண்டும்.

கடும் பிழை நேர்ந்தால் நீலத்திரையைக் காட்டி உடனே மீளத் தொடங்கும்படியே விண்டோஸ் அமைக்கப்பட்டிருப்பதால், அந்தத் திரை கண்ணிற் படாமலே மறைந்துவிடக்கூடும். சிஸ்ரம் புரொப்பற்றீஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குச் சென்று, ஸ்ராட்டப் அன்ட் றிக்கவரி என்பதனுள் தானாக மீளத் தொடங்குவதற்கான சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அதன்பின் நீலத்திரை நிலைத்து நின்றால், அதிலுள்ள பிழைக்குறியைக் குறித்துக்கொள்ளுங்கள். றாம் எனும் நினைவகத்தையோ அண்மையில் நிறுவிய சாதனச் செலுத்தியையோ (டிரைவர்) முதலில் சோதிக்கலாம்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ற் வியூவரின் சிஸ்ரம் பதிவுகளில் 41 என்ற இலக்கம் தென்படலாம். அதைக் கண்டு பலர் பதறுகின்றனர். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஆனால் அதன் விபரத்தில் பக்செக்கோட் எனும் பிழைக்குறிக்கு எதிரே சுழியம் இருந்தால், பிழையைப் பதியும் முன்பே கணினி நின்றுபோயிருக்கிறது எனலாம். அப்போது மின்சாரப் பக்கமே என் சந்தேகம் செல்லும். 1074 என்றிருந்தால், புதுப்பித்தல் போன்ற ஒரு நிரல் கட்டளையிட்டே மீளத் தொடங்கியிருக்கிறது, அது கோளாறன்று.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் யூபிஎஸ்ஸே முதற் சந்தேகத்துக்குரியது. நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். மின்னலையின் ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். கணினியின் மின்வழங்கி (பவர் சப்ளை) மின்சாரம் இன்றித் தாங்கக்கூடிய இடைவெளியும் ஏறத்தாழ அவ்வளவுதான். கிணற்று மோட்டரோ குளிரூட்டியோ இயங்கத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் தாழ்ந்தால் யூபிஎஸ் பற்றறிக்கு மாறும். பற்றறி செத்திருந்தால் அந்த மாற்றத்திலேயே கணினி அணைந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் தானே தொடங்கும்படி கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸில் அமைத்திருந்தால், அது நீங்கள் சொல்வதைப் போலவே தோன்றும். ஆகவே சில நாட்களுக்குக் கணினியை யூபிஎஸ் இன்றி நேரே சுவர்ச் சொக்கெற்றில் இணைத்து, மோட்டர் போடும் நேரங்களையும் கணினி நின்ற நேரங்களையும் ஒப்பிடுங்கள். யூபிஎஸ்ஸை நீக்கியதும் தொல்லை தீர்ந்தால் அதன் பற்றறியை மாற்றினாலே போதும். சாதாரண ஈய அமிலப் பற்றறி சில வருடங்களில் தளர்ந்துவிடும்.

அப்படியும் கணினி இடையில் நின்றால் மின்வழங்கியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதனை நீங்களாகத் திறக்க வேண்டாம். மின் துண்டித்த பின்னும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். விசிறியில் படிந்த தூசியைத் துடைப்பது நன்று, எனினும் வெப்பம் மிகுந்த கணினி பெரும்பாலும் அணைந்தே கிடக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, மகளின் குறிப்புகளை இன்றே வேறொரு பென் டிரைவிற்குப் பிரதி எடுங்கள். கோப்பைச் சேமித்துக்கொண்டிருக்கும் வேளையில் மின் துண்டிக்கப்பட்டால் அது கெட்டுப்போகலாம்.