தரவுத்தளம் பற்றிக் கேட்டவர்களுக்கு

நிலாவெளி: அண்ணா, ஏழு அறை உள்ள எங்கள் கெஸ்ட் ஹவுஸுக்கு புக்கிங் தளம் செய்கிறேன். எந்தத் தரவுத்தளம் நல்லது?

போஸ்ட்கிரெஸ். ஏழு அறைக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை தம்பி, எதுவும் ஓடும். நீங்கள் பயப்பட வேண்டியது ஓகஸ்ட் சீசனில் ஒரே அறையை ஒரே இரவுக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவதற்குத்தான். போஸ்ட்கிரெஸில் வரும் நாளையும் போகும் நாளையும் சேர்த்து 'டேட்ரேஞ்ச்' (திகதி வீச்சு) வகையில் அட்டவணையின் ஒரே நிரலில் (column) வைக்கலாம். அதன்மேல் 'எக்ஸ்குளூஷன்' கட்டுப்பாடு போட்டால், அதே அறைக்குத் திகதி முட்டுகிற புக்கிங்கைத் தரவுத்தளமே ஏற்காது. அறை எண்ணையும் சேர்த்து ஒப்பிட 'பிட்ரீ ஜிஸ்ட்' என்ற நீட்சியை (கூடுதல் வசதியை) முதலில் இயக்குங்கள். போகும் நாள் கணக்கில் வராது. 12ஆம் திகதி காலை ஒருவர் போனால் அன்று மாலையே அடுத்தவர் வரலாம். அப்புறம், தினமும் பேக்கப்.

மூதூர்: தமிழில் பதிந்த பெயர் ??? என்று வருகிறது.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம்தானே? அட்டவணை, தரவுத்தள இணைப்பு இரண்டின் எழுத்துக் குறியாக்கத்தையும் யுடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். அங்கே வெறும் யுடிஎஃப்8 மூன்று பைட்டோடு நின்றுவிடும்; தமிழ் எழுத்தைத் தாங்கும், எமோஜியைத் தாங்காது. உள்ளேயே ??? ஆகப் பதிந்துபோன பெயர்கள் திரும்பாது. பேக்கப் இருக்கிறதா?

தம்பலகாமம்: உயர்தரத்தில் ஐசிடி படித்தேன். பழக எதில் தொடங்குவது?

எஸ்கியூலைட், தங்கச்சி. ஒரே கோப்பு, சேவர் தேவையில்லை. படித்த எஸ்கியூஎல் (தரவுத்தளத்தோடு பேசும் மொழி) பெரும்பாலும் அப்படியே செல்லும்.

கிண்ணியா: எது வேகம்?

நிலாவெளித் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

உப்புவெளி: அறை காலியா என்று தளத்தை எழுதும் பிஎச்பி மொழியிலேயே செக் பண்ணினால் போதாதா?

போதாது. பார்ப்பதற்கும் பதிவதற்கும் இடையில் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் இருவருமே 'காலி' என்று பார்ப்பார்கள். நான் முன்பு அப்படித்தான் எழுதினேன். இரவு ஒன்பது மணிக்கு ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டியோடு வந்து நின்றன.

கிண்ணியா: மொங்கோ தரவுத்தளம் வேகமாமே?

வேகம் பற்றி இனிக் கேட்க வேண்டாம். பேக்கப் எடுத்தீர்களா? எடுத்ததை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்தீர்களா?

உப்புவெளி: மைஎஸ்கியூஎல்லில் டிரான்ஸாக்‌ஷன் (முழுதும் முடியும், அல்லது ஒன்றுமே நடக்காத வேலைத் தொகுதி) தொடங்கி, 'ஃபோர் அப்டேட்' போட்டு அட்டவணையில் அந்த அறைக்குரிய வரியைப் பூட்டினால்?

அது சரி, வேலை செய்யும். ஆனால் புக்கிங் பதியும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பூட்டை மறக்காமல் போட வேண்டும். நாளைக்கு இன்னொருவர் மொபைல் செயலி எழுதுவார், முதலாளி நேரடியாக அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பார். அவர்களுக்கு உங்கள் பூட்டு தெரியாது. கட்டுப்பாடு தரவுத்தளத்தில் இருந்தால் எந்த வழியால் வந்தாலும் தடுக்கும். இரண்டு பிரவுசரில் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசலாம்.