முகாமுக்குப் பக்கத்துத் தோட்டத்தை வெளிநாட்டுக் கம்பெனி வாங்க முடியுமா?

கேள்வி: மலேசியாவில் குளுவாங் மாதிரி ஊரில், ராணுவ முகாமுக்கு அருகே இருக்கும் செம்பனைத் தோட்டத்தை வெளிநாட்டுக்காரர் வாங்கச் சட்டம் விடுமா? நாமே எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

விடும், மாநில அரசு சம்மதித்தால். தூரக் கணக்கைத் தேடாதீர்கள். ஜப்பானில் 2022 செப்டம்பரிலிருந்து முழு அமலில் உள்ள சட்டம் தளங்களைச் சுற்றி ஏறக்குறைய 1,000 மீட்டரைக் கண்காணிக்கிறது. அமெரிக்காவில் 2024 மே மாதம், வயோமிங் ஏவுகணைத் தளத்துக்கு 1 மைலுக்குள் சீனர் பெரும்பங்கு வைத்திருந்த கிரிப்டோ கம்பெனி ஒன்று வாங்கிய நிலத்தை விற்கச் சொல்லி அதிபரே உத்தரவு போட்டார். நம் தேசிய நிலச் சட்டத்தில் அப்படி மைல் கணக்கு கிடையாது. வாங்குபவர் யார் என்றுதான் அது கேட்கும். 433பி பிரிவுப்படி, குடியுரிமை இல்லாதவரும் வெளிநாட்டுக் கம்பெனியும் மாநில அரசின் முன் அனுமதி பெற்றாக வேண்டும்.

இதில் ஆட்கள் வழுக்கி விழுவது இரண்டு இடத்தில். சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை) வைத்திருப்பவர் எத்தனை வருடம் இங்கே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் குடியுரிமை இல்லாதவர்தான். அதேபோல் பெயரில் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ (தனியார் கம்பெனி) என்று இருந்தால் உள்ளூர்க் கம்பெனி என்று நம்பிவிட வேண்டாம். ஓட்டுரிமைப் பங்கில் 50 விழுக்காடோ அதற்கு மேலோ வெளிநாட்டார் கையில் இருந்தால் அது வெளிநாட்டுக் கம்பெனி.

தேடலை லோட் எண் (நில எண்), முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நாட்டுப்புற நிலம் 4 ஹெக்டருக்கு உட்பட்டால் பட்டா மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும். அதற்கு மேல் போனால் மாநில நில, கனிமவள அலுவலகத்தில். தோட்டம் என்றால் அநேகமாக இரண்டாவதுதான். மாவட்ட அலுவலகத்தில் வரிசை பிடித்து வெறுங்கையோடு திரும்புபவர்கள் இதனால்தான் திரும்புகிறார்கள். ‘சாரியான் பெர்செண்டிரியான்’ (தனிநபர் பட்டாத் தேடல்) கேட்டு எடுங்கள். உரிமையாளர், அடமானம், பதிவான குத்தகை, கேவியட் (நிலம் கைமாறுவதைத் தடுக்கும் பதிவு) எல்லாம் அதில் வரும். கம்பெனி பெயர் கிடைத்ததும் எஸ்எஸ்எம்-இல் (மலேசியக் கம்பெனிகள் ஆணையம்) அதன் விவரத்தை வாங்கிப் பங்குதாரர் பட்டியலைப் பாருங்கள். பங்குதாரர் இன்னொரு கம்பெனியாக இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். கடைசியில் மனிதப் பெயர் வரும்வரை விடாதீர்கள்.

பட்டாவில் தெரியாத வழிகளும் உண்டு. நிலத்தை விற்காமல், நிலம் வைத்திருக்கும் கம்பெனியின் பங்கை விற்றால் பட்டாவில் பெயர் மாறாது. ஆறு மாதத்துக்கு முந்திய எஸ்எஸ்எம் தாளை நம்பி ஏமாறுவது இங்கேதான். வாடகையும் அப்படித்தான்: 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும், அதற்கு உட்பட்டதைப் பதிய வேண்டியதில்லை. வேலியோரம் ஒரு கொட்டகையும் முகாமை நோட்டம் விட ஒரு கோபுரமும் போட 3 ஆண்டு தாராளம். என்னைக் கேட்டால், விற்பனையைவிட இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பதானால் 214ஏ பிரிவு குறுக்கே நிற்கும். தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். (துண்டாடலில் லயத்து ஜனங்கள் பிழைப்பிழந்த காலத்தில்தான் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.) ஆனால் இந்தப் பிரிவு தோட்டம் சிதறாமல் இருக்க வந்தது, முகாமைக் காக்க அல்ல.

துப்பாக்கி நீட்டும் படம் போட்ட ‘கவாசான் லாராங்கான்’ (தடை செய்யப்பட்ட பகுதி) பலகையும் இதற்கு உதவாது. அந்தப் பலகைக்குப் பின்னால் உள்ள 1959ஆம் ஆண்டின் 298ஆவது சட்டம் (பாதுகாக்கப்பட்ட பகுதிகள், இடங்கள் சட்டம்) வேலிக்குள் யார் நுழையலாம் என்றுதான் சொல்லும். வெளியே யார் நிலம் வைத்திருக்கலாம் என்று சொல்லாது. ஆதாரம் திரட்டுகிறேன் என்று அந்த வேலியைப் படம் பிடிக்கவோ டிரோன் விடவோ போகாதீர்கள், மாட்டிக்கொள்வது நீங்களாகத்தான் இருக்கும்.

புகார் எழுதினால் மாநில நில, கனிமவள இயக்குநருக்கு எழுதி, அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். “வெளிநாட்டுக்காரன் வந்துவிட்டான்” என்ற வரி வேண்டாம். லோட் எண், முக்கிம், கம்பெனிப் பதிவு எண், பங்கு கைமாறிய தேதி, நிலத்தில் இப்போது என்ன கட்டுகிறார்கள் என்பது போதும்.